ஒரு டாலருக்கு ஒரு வாரம்: டைம்ஷேர் மறுவிற்பனையில் விலையை எப்படிப் படிப்பது

டைம்ஷேர் என்பது ஒரு விடுமுறை வீட்டை ஆண்டுக்கு ஒரு வாரம் போலப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை. இபேயில் டைம்ஷேர் என்று தேடிப் பார்த்தால், ஒரு டாலருக்கு விற்பனைக்கு வந்த விடுமுறை வாரங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஃப்ளோரிடாவில் இரண்டு படுக்கையறை வில்லா, ஆண்டுக்கு ஒரு வாரம், காலவரையறை இல்லாத உரிமை, விலை ஒரு டாலர். சிலர் பத்திரச் செலவைத் தாங்களே ஏற்கிறோம், முதலாண்டுப் பராமரிப்புக் கட்டணத்தையும் கட்டித் தருகிறோம் என்றுகூடச் சொல்கிறார்கள். ஏறத்தாழ இதே மாதிரி ஒரு வாரத்தை ரிசார்ட் நிறுவனத்திடமே நேரடியாக வாங்கப் போனால், அமெரிக்காவில் சராசரியாக 20,000 டாலருக்கு மேல் ஆகும்.

இவ்வளவு வித்தியாசத்தைப் பார்த்ததும் சிலர் இது மோசடி என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் கிடைத்தவரை லாபம் என்று பாய்ந்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரம் இரண்டு பேரின் கணிப்பும் தவறு. அந்த வாரம் உண்மையானது, வில்லாவும் உண்மையானது. ஆனால் அங்கே போட்டிருக்கும் விலை அந்த விடுமுறையின் விலை இல்லை. அந்த வாரத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் ஆண்டுக் கட்டணத்திலிருந்து விடுபட விற்பவர் எவ்வளவு ஆசைப்படுகிறார் என்பதைத்தான் அது காட்டுகிறது. மறுவிற்பனைச் சந்தையில் நல்ல பேரம் இருக்கிறது. நான் அதை முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அதைக் கண்டுபிடிக்க விலையைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

முதலில், புதிதாக வாங்கும்போது அந்த 20,000 டாலர் எங்கே போகிறது என்று பார்ப்போம். டைம்ஷேரைத் தானாகத் தேடிப் போய் வாங்குபவர்கள் குறைவு. விடுமுறைக்குப் போன இடத்தில் இலவச டிக்கெட், சலுகை விலையில் அறை, பரிசுக் கூப்பன் என்று ஏதாவது ஒன்றைக் காட்டி, ஒன்றரை மணி நேரக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போய்த்தான் விற்கிறார்கள். அந்தப் பரிசு, அந்தக் கூடம், விற்பனையாளரின் கமிஷன், கூட்டத்துக்கு வந்தும் வாங்காமல் போனவர்களுக்கு ஆன செலவு, எல்லாமே வாங்குகிற ஒருவரின் விலையில்தான் ஏறுகின்றன. பெரிய நிறுவனங்களில் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் ஆகும் செலவு விற்பனை வருவாயில் பாதிக்கு அருகில் போய்விடும். கையெழுத்துப் போட்ட மறுநாள் அதே வாரத்தை விற்கப் போனால், அந்தப் பாதியைத் திரும்பத் தர யாரும் தயாராக இருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு நிறுவனமே கொடுக்கும் கடனுக்கு வட்டி பெரும்பாலும் 12 சதவீதத்துக்கு மேல். அசல் தீர்வதற்குள் குழந்தைகள் வளர்ந்துவிடுகிறார்கள், முழங்கால் வலி வருகிறது, விடுமுறைக்குப் போகும் பழக்கமே மாறிவிடுகிறது. கட்டணம் மட்டும் ஆண்டு தவறாமல் வந்துகொண்டே இருக்கும். இப்படி வெளியேற நினைப்பவர்கள் ஏராளம், மறுவிற்பனையில் தேடி வாங்குபவர்கள் கொஞ்சம். விலை ஒரு டாலருக்கு இறங்கியது இப்படித்தான்.

எதை வாங்குகிறோம் என்பதில் இருக்கும் குழப்பத்துக்கு இந்தத் தொழில் வளர்ந்த விதமும் ஒரு காரணம். 1963இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஹாப்பிமாக் நிறுவனத்தில் உறுப்பினர்கள் பங்கு வாங்கினார்கள். அதற்கு ஈடாக நிறுவனத்தின் விடுமுறை வீடுகளைப் பயன்படுத்தினார்கள். அதே 1960களில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் ஒரு பனிச்சறுக்கு விடுதி, ஆண்டின் குறிப்பிட்ட வாரங்களைப் பிரித்து விற்றது. அமெரிக்காவுக்கு வந்தபோது அது பத்திரம் எழுதிக் கொடுக்கும் சொத்தாக மாறியது: ஒரு வீட்டை 52 வாரமாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பத்திரம். எப்போதும் ஒரே இடத்துக்கே போக வேண்டுமா என்ற கேள்விக்குப் பதிலாக 1974இல் ஆர்சிஐ, 1976இல் இன்டர்வெல் இன்டர்நேஷனல் என்று, தன் வாரத்தைக் கொடுத்து வேறு ரிசார்ட்டில் ஒரு வாரத்தை எடுத்துக்கொள்ள உதவும் இரண்டு பரிமாற்ற நிறுவனங்கள் வந்தன. 1984இல் மாரியட் உள்ளே வந்த பிறகு பெரிய ஹோட்டல் பெயர்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1991இல் டிஸ்னி வெகேஷன் கிளப் பாயிண்ட் கணக்கில், அதாவது வாரத்துக்குப் பதிலாக ஆண்டுதோறும் கிடைக்கும் பாயிண்டைச் செலவழித்துத் தங்கும் முறையில், தொடங்கியது. இன்று பெரிய நிறுவனங்கள் விற்பவை பெரும்பாலும் பாயிண்ட்தான்.

ஆகவே மறுவிற்பனையில் இந்த எல்லாத் தலைமுறையும் ஒரே சந்தையில் கலந்து கிடக்கின்றன. ஒன்று நிலையான வாரம்: 26ஆம் வாரம் என்று பத்திரத்தில் இருந்தால் ஆண்டுதோறும் ஜூன் கடைசி ஒட்டிய அதே வாரம் உங்களுடையது, முன்பதிவுக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று மிதக்கும் வாரம்: ஒரு பருவத்துக்குள் எந்த வாரம் காலியோ அதை எடுத்துக்கொள்ளலாம், முந்துபவருக்குக் கிடைக்கும். அடுத்தது பாயிண்ட். இவை தவிர, சொத்தே இல்லாமல் இத்தனை ஆண்டு தங்கிக்கொள்ளலாம் என்ற உரிமையை மட்டும் தரும் ஒப்பந்தங்களும் உண்டு. மெக்சிகோ ரிசார்ட்டுகளில் இந்த வகைதான் அதிகம்.

ஒரு விற்பனைக் குறிப்பை எடுத்து வரிவரியாகப் பார்க்கலாம். 'இரண்டு படுக்கையறை, லாக்-ஆஃப், மிதக்கும் வாரம், சிவப்புப் பருவம், ஒற்றைப்படை ஆண்டு' என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாக்-ஆஃப் என்றால் வீட்டை நடுக்கதவு பூட்டி இரண்டாகப் பிரிக்கலாம். பெரிய பகுதியில் ஒரு வாரம், சின்னப் பகுதியில் வேறொரு வாரம் என்று ஒரே கட்டணத்தில் இரண்டு விடுமுறை எடுக்க வாய்ப்பு உண்டு. பிரித்துப் பயன்படுத்தத் தனிக்கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பு என்பது ஆர்சிஐ கணக்கில் கூட்டம் அதிகமுள்ள பருவம். வெள்ளை நடுத்தரம், நீலம் ஆள் வராத காலம். ஒற்றைப்படை ஆண்டு என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பயன்பாடு. விலையைப் பார்த்த அவசரத்தில் பலர் கவனிக்காமல் விடுவது இந்தக் கடைசிச் சொல்லைத்தான். கட்டணம் 600 டாலர் என்று போட்டிருந்தால், அது பயன்படுத்தும் ஆண்டுக்கு மட்டுமா, பயன்படுத்தாத ஆண்டிலும் அதே 600 கட்ட வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டுக்கும் இடையில் ஒரு விடுமுறையின் செலவே இரட்டிப்பாகிவிடும்.

இப்போது கட்டணத்துக்கு வருவோம். பணம் போகிற இடம் இதுதான்.

பராமரிப்புக் கட்டணம் என்பது கட்டடத்தின் காப்பீடு, சொத்து வரி, துப்புரவு, ஊழியர் சம்பளம், மேலாண்மை நிறுவனத்தின் கூலி, பின்னாளில் கூரையும் கட்டிலும் மாற்றுவதற்கான சேமிப்பு, எல்லாம் சேர்ந்தது. அமெரிக்காவில் ஒரு வாரத்துக்கான சராசரி ஆண்டுக் கட்டணம் 1,000 டாலரை எப்போதோ தாண்டிவிட்டது. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் வசூல் முகவர்களிடம் போகும், கடன் மதிப்பீட்டில் விழும், கடைசியில் அந்த வாரத்தைப் பறிமுதல் செய்வார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். மறுவிற்பனையில் ஒரு வாரம் 3,000 டாலர். பத்திரம், பெயர் மாற்றம் எல்லாம் சேர்த்து 800. கட்டணம் முதலாண்டில் 1,100, ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது. பத்தாவது ஆண்டில் கட்டணம் ஏறத்தாழ 1,706 ஆகியிருக்கும். பத்தாண்டில் கட்டணம் மட்டும் 13,836 டாலர். வாங்கிய செலவையும் சேர்த்து வகுத்தால் ஒரு விடுமுறைக்குச் சுமார் 1,764. இதே வாரத்தை இலவசமாகவே வாங்கினோம் என்று வைத்தாலும் 1,464 வரும். அதாவது 3,000 டாலர் முழுவதையும் தள்ளுபடி செய்தாலும் ஆண்டுக்கு 300தான் மிச்சம். அதுவே, விலை 3,000ஆக இருந்து கட்டணம் முதலாண்டில் 1,100க்குப் பதில் 750 என்று இருக்கும் வேறொரு ரிசார்ட்டைக் கண்டுபிடித்தால், அதே 5 சதவீத ஏற்றத்தில் ஆண்டுக்கு 440 மிச்சமாகும். இலவச வாரத்தைவிட 3,000 டாலர் வாரம் மலிவாகிவிடுகிறது. பேரம் பேச வேண்டிய இடம் விலை இல்லை, தேர்வு என்று நான் சொல்வது இதனால்தான். இன்னொரு பக்கம், 24,000 டாலர் கொடுத்துப் புதிதாக வாங்கியவருக்கு, கட்டணமே சேர்க்காமல், பத்தாண்டில் ஆண்டுக்கு 2,400 என்று விழும். கடன் வட்டி தனி.

அதனால் ஒரு வாரத்தை வாங்க நினைத்தால் கடந்த ஐந்தாறு ஆண்டுக் கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். இந்த ஆண்டு எவ்வளவு என்பதைவிட எந்த வேகத்தில் ஏறியது என்பது முக்கியம். அப்புறம் உரிமையாளர் சங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தைப் பாருங்கள். அதில் இரண்டு வரிகளைத் தேடினால் போதும். ஒன்று, பழுது மாற்றத்துக்கான சேமிப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது. இன்னொன்று, கட்டணம் கட்டாதவர்களின் பங்கு எவ்வளவு, அதாவது வராக்கடன். நூறு பேரில் இருபது பேர் கட்டவில்லை என்றால் மீதி எண்பது பேர்தான் நூறு பேரின் செலவைச் சுமக்க வேண்டும், கட்டணம் ஏறும், ஏறினால் இன்னும் சிலர் விலகுவார்கள். இந்தச் சுழலில் சிக்கிய பழைய ரிசார்ட்டில் ஒரு டாலர் வாரம்கூட அதிக விலைதான். சேமிப்பு நிதி வற்றிய இடத்தில் ஒரு புயல் அடித்தால், சிறப்பு வசூல் என்ற பெயரில் ஒவ்வோர் உரிமையாளர் தலையிலும் ஒரே தவணையில் பெரிய தொகை விழும். ஃப்ளோரிடா கடற்கரையில் புயலுக்குப் பிறகு காப்பீட்டுச் செலவே கட்டணத்தைத் தூக்கிவிடுவதும் சகஜம்.

மறுவிற்பனையில் வாங்குபவர் எதை இழக்கிறார் என்பது அடுத்து. நிறுவனங்கள் இந்தச் சந்தையை விரும்புவதில்லை, அதற்குக் காரணமும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு விலையில் அதே அறை கிடைக்கும் என்று தெரிந்தால் புதிதாக யார் வாங்குவார்கள்? ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் நேரடியாக வாங்கியவருக்கும் கைமாறி வாங்கியவருக்கும் நடுவில் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

டிஸ்னியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அங்கே கோடு தெளிவாக இருக்கிறது. 2011 மார்ச்சுக்குப் பிறகு மறுவிற்பனையில் வாங்கிய பாயிண்டைக் கப்பல் பயணம் போன்றவற்றுக்குப் பயன்படுத்த முடியாது. 2016 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கியவர்களுக்கு உறுப்பினர் தள்ளுபடிகளும் சலுகைகளும் இல்லை. 2019 ஜனவரி 19 முதல் இன்னும் இறுக்கினார்கள்: அன்றிலிருந்து முந்தைய 14 ரிசார்ட்டுகளில் ஒன்றின் பாயிண்டை மறுவிற்பனையில் வாங்குபவர் அந்தப் பதினான்கில் எங்கும் தங்கலாம், ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் திறந்த ரிவியராவிலோ, அதற்குப் பின் வந்த புதிய இடங்களிலோ தங்க முடியாது. ரிவியரா பாயிண்டையே மறுவிற்பனையில் வாங்கினால் ரிவியராவில் மட்டும்தான்.

இப்படியிருந்தும் டிஸ்னி பாயிண்ட் மறுவிற்பனையில் ஒரு டாலருக்கு விழுவதில்லை. எல்லாக் கட்டுப்பாட்டுக்குப் பிறகும் அடிப்படையான ஒன்று கைமாறுகிறது என்பதே காரணம்: வாங்கிய ரிசார்ட்டில் 11 மாதத்துக்கு முன்பே பதிவு செய்யும் முன்னுரிமை. மற்ற இடங்களுக்கு 7 மாதத்துக்கு முன்புதான் கதவு திறக்கும். பள்ளி விடுமுறைக் காலத்தில் நல்ல அறைகள் 7 மாதக் கதவு திறக்கும் முன்பே போய்விடும். ஆகவே பாயிண்ட் எங்கே மலிவு என்று பார்த்து வாங்குவதைவிட, மீண்டும் மீண்டும் எந்த இடத்தில் தங்க ஆசை என்று பார்த்து வாங்குவதுதான் சரி. இன்னொன்றையும் கவனியுங்கள். டிஸ்னி ஒப்பந்தங்களுக்கு முடிவுத் தேதி உண்டு. ஓல்ட் கீ வெஸ்ட், போர்ட்வாக், பீச் கிளப் போன்ற பழைய இடங்களின் அடிப்படை ஒப்பந்தம் 2042 ஜனவரியில் முடிகிறது. சரடோகா ஸ்பிரிங்ஸ் 2054, ரிவியரா 2070. ஒரு பாயிண்டுக்கு எவ்வளவு என்று மட்டும் ஒப்பிட்டால் பீச் கிளப் விலையும் சரடோகா விலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுபோல் தோன்றலாம். மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் உண்மையான வித்தியாசம் தெரியும்.

மற்ற நிறுவனங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். விண்டமில் மறுவிற்பனைப் பாயிண்ட், கூடுதல் சலுகை தரும் விஐபி நிலைக்குக் கணக்காகாது. ஹில்டன் கிராண்ட் வெகேஷன்ஸில் பாயிண்டை அவர்களுடைய கிளப்பில் பயன்படுத்த முடிகிறது, ஆனால் எலீட் நிலைக்குச் சேராது. 2021இல் டயமண்ட் ரிசார்ட்ஸ் என்ற இன்னொரு டைம்ஷேர் நிறுவனத்தை வாங்கிய பிறகு, இரண்டின் ரிசார்ட்டுகளையும் சேர்த்துப் பயன்படுத்த ஹில்டன் தொடங்கிய மேக்ஸ் திட்டமும் மறுவிற்பனையில் வாங்கியவர்களுக்கு இல்லை. மாரியட் 2010 ஜூனில் பாயிண்ட் திட்டத்துக்கு மாறியது. அதற்குப் பின் வெளியில் வாங்கிய வாரங்களைப் பொதுவாக அந்தத் திட்டத்தில் சேர்க்க முடியாது, ஆனால் வாரமாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம். இந்த விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். வாங்கும் நாளில் நிறுவனத்தின் உறுப்பினர் சேவைப் பிரிவிடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் பெறுங்கள். விஐபி நிலை, தள்ளுபடி அட்டை எல்லாம் போனதைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். ஒரு சில ஆயிரம் டாலரில் தங்குமிடம் கிடைக்கும்போது அவற்றுக்காக இருபதாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தங்கும் இடத்தின் பட்டியலே சுருங்கினால், அது வேறு கதை.

பரிமாற்றத்தை நம்பி வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. யாரும் போகாத ஊரில் நீல வாரம் ஒன்றை மலிவாக வாங்கி, ஆர்சிஐயில் போட்டு, ஹவாய்க்கு மாற்றிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர்கள் சொல்வது பழைய பாட்டு. ஒரு காலத்தில் அது ஓரளவு நடந்தது. இப்போது நீங்கள் போடும் வாரத்துக்கு எவ்வளவு கிராக்கி என்பதை வைத்தே பரிமாற்ற மதிப்பு கணக்கிடப்படுகிறது. குறைந்த மதிப்பைப் போட்டு உயர்ந்த மதிப்பை எடுப்பது கஷ்டம். அதோடு ஆண்டுச் சந்தா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக்கட்டணம் என்று மேல் செலவு இருக்கிறது. காரில் போகும் தூரத்தில், பரிமாற்றமே செய்யாவிட்டாலும் ஆண்டுதோறும் ஆசையாகப் போகும் இடத்தை வாங்கியவர்கள்தான் நீண்ட நாள் திருப்தியோடு இருக்கிறார்கள்.

சரி, இடமும் கட்டணமும் ஒத்துவருகின்றன, வாங்கலாம் என்று முடிவெடுத்தாயிற்று. அடுத்து நடப்பது என்ன?

விற்பவரும் நீங்களும் விலையில் ஒத்துப்போனதும் ஒப்பந்தம் எழுதப்படும். அதிலேயே யார் பத்திரச் செலவு கட்டுவது, நடப்பு ஆண்டுக் கட்டணம் யாருடையது, இந்த ஆண்டுப் பயன்பாடு யாருக்கு என்பதெல்லாம் இருக்க வேண்டும். முன்பணத்தை விற்பவரிடம் கொடுக்கக் கூடாது. எஸ்க்ரோ கணக்கில், அதாவது வேலை முடியும்வரை மூன்றாம் தரப்பு ஒன்று வைத்திருக்கும் கணக்கில்தான் போட வேண்டும். பிறகு ஒப்பந்தம் ரிசார்ட் நிறுவனத்துக்குப் போகும். டிஸ்னி, ஹில்டன், மாரியட் போன்றவற்றில் பல ரிசார்ட்டுகளுக்கு முதல் வாங்கும் உரிமை உண்டு. நீங்கள் பேசிய அதே விலையில் நிறுவனமே வாங்கிக்கொள்ள விரும்பினால், உங்கள் பேரம் அங்கேயே முடிந்தது. முன்பணம் திரும்ப வரும். மிகவும் மலிவாகப் பேசிவிட்டால் இது நடக்கும் வாய்ப்பு கூடும். இதற்கு ஒரு மாதம்வரை காத்திருக்க நேரலாம்.

அந்தக் கட்டம் தாண்டியதும் வரும் ஒரு தாளை மட்டும் கட்டாயம் நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும். எஸ்டாப்பல் சான்று என்பார்கள். ரிசார்ட் நிறுவனமே தன் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தருவது இது. உரிமையாளர் பெயர் யார், கடன் பாக்கி உண்டா, கட்டணம் எதுவரை கட்டப்பட்டிருக்கிறது, எத்தனை பாயிண்ட், பாயிண்ட் வருகிற மாதம் எது, இந்த ஆண்டுப் பாயிண்டில் எவ்வளவு மிச்சம் என்று வரிசையாக இருக்கும். விற்பவர் 'எல்லாப் பாயிண்டும் அப்படியே இருக்கிறது' என்று சொல்லியிருப்பார். சான்றில் இந்த ஆண்டு பூஜ்ஜியம், அடுத்த ஆண்டிலிருந்தும் பாதியைக் கடன் வாங்கிச் செலவழித்தாயிற்று என்று இருக்கும். பொய் சொன்னார் என்றுகூட இல்லை, பலருக்குத் தங்கள் கணக்கே சரியாகத் தெரிவதில்லை. இப்படிக் காலியாக்கப்பட்ட ஒப்பந்தத்தில் முதல் ஒன்றரை ஆண்டு தங்கவும் முடியாது, கட்டணம் மட்டும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். விற்பனைக் குறிப்பும் சான்றும் ஒத்துப்போகவில்லை என்றால் விலையை மறுபடி பேசலாம், விலகவும் செய்யலாம். பத்திரம் பதிவான பிறகு அந்த வாய்ப்பு போய்விடும்.

பத்திரம் உள்ள டைம்ஷேர் என்றால் ரிசார்ட் இருக்கும் கவுண்டியின், அதாவது அங்குள்ள மாவட்டத்தின், அலுவலகத்தில் பதிவாக வேண்டும். அதன் பிறகு நிறுவனத்தின் பதிவேட்டில் பெயர் மாற வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை. பத்திரம் பதிவாகி, நிறுவனத்தில் பெயர் மாறாமல் கிடந்தால் உங்களால் முன்பதிவு செய்ய முடியாது. உரிமம் உள்ள தரகர், தனியாக ஒரு பத்திர முடிப்பு நிறுவனம் என்று வைத்துக்கொண்டால் இதில் பெரிய சிக்கல் வராது.

வாங்கிய பிறகு மனசு மாறினால் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் சட்டம் அவகாசம் தருகிறது: ஃப்ளோரிடாவில் 10 நாள், கலிஃபோர்னியாவில் 7, நெவாடாவில் 5. ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள். 2008இன் உத்தரவு அதைத் தருவதோடு, மறுவிற்பனைக்கு உதவும் நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தங்களையும் உள்ளே சேர்க்கிறது. அமெரிக்காவில் தனிநபரிடம் வாங்கும்போது இந்த அவகாசம் தானாகக் கிடைக்கும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. மாநிலத்துக்கு மாநிலம், ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். யாராவது விற்பனைக் கூட்டத்தில் வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது என்றால், இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம். முதலில் ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி ரத்துக் கடிதத்தை எழுதி அனுப்புங்கள்.

மோசடி இந்தச் சந்தையில் பெரும்பாலும் விற்பவரைக் குறிவைத்துத்தான் நடக்கிறது, வாங்குபவர் அதைத் தெரிந்துகொள்வது ஏன் என்றால், இன்றைய வாங்குபவர்தான் நாளைய விற்பவர். தொலைபேசி வரும்: உங்கள் வாரத்துக்கு ஆள் தயாராக இருக்கிறார், நல்ல விலை, வரியோ பதிவுக் கட்டணமோ மட்டும் முன்கூட்டி அனுப்புங்கள். அனுப்பியதும் இன்னொரு கட்டணம், பிறகு இன்னொன்று. ஃப்ளோரிடா 2012இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. வாங்க ஆள் இருக்கிறார் என்று சொன்னால் அந்த ஆளின் பெயரையும் முகவரியையும் தர வேண்டும் என்று அது கேட்கிறது. அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2013இல் பல மாநிலங்களோடு சேர்ந்து பெரிய நடவடிக்கை எடுத்தது. மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்த்தா பகுதி டைம்ஷேர் உரிமையாளர்களை ஏமாற்றும் வலையை ஹலிஸ்கோ போதைக் கும்பலே நடத்துகிறது என்று 2023இல் அமெரிக்கக் கருவூலத்துறை தடைகள் விதித்தது. பாதிக்கப்பட்டவர்களில் வயதானவர்களே அதிகம். சேமிப்பு முழுவதையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போது கோபம் வருகிறது. முன்பணம் கேட்டாலே உரையாடலை முடித்துவிடலாம். ஒழுங்கான தரகர் விற்பனை முடிந்த பிறகு, விற்ற தொகையிலிருந்துதான் தன் கமிஷனை எடுப்பார்.

வெளியேறும் வழியை வாங்குவதற்கு முன்பே பார்த்துவைப்பது நல்லது. சில நிறுவனங்கள் கடன் இல்லாத, கட்டணம் கட்டி முடித்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. மறுவிற்பனையில் வாங்கியவருக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். முடிவுத் தேதி இல்லாத பத்திரம் என்றால், உங்களுக்குப் பின் அது யாருக்கு என்ற கேள்வியும் வரும். வாரிசுகள் வேண்டாம் என்று முறைப்படி எழுத்தில் மறுக்கலாம், அவர்கள் மேல் தானாக ஏறிவிடுவதில்லை. ஆனால் மறுப்பதற்கு முன் ஒருமுறை போய்த் தங்கிவிட்டாலோ கட்டணம் கட்டிவிட்டாலோ ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படலாம். இதைக் குடும்பத்தில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், வாங்குவதற்கு முன் அதே ரிசார்ட்டில், அதே பருவத்தில், ஓர் உரிமையாளரிடம் வாடகைக்கு எடுத்து ஒருமுறை தங்குங்கள். தங்களால் போக முடியாத ஆண்டில் பலர் தங்கள் வாரத்தைக் கட்டணத்தை ஒட்டிய தொகைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று ரிசார்ட்டுக்கே போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு பணம் கொடுக்கலாம். அங்கே இருக்கும் நாளில் பழைய உரிமையாளர்களிடம் பேசிப் பாருங்கள். கட்டணம் எப்படி ஏறியது, முன்பதிவு கிடைக்கிறதா என்று அவர்களைவிடத் தெளிவாகச் சொல்ல ஆள் கிடைக்காது. ஆண்டுதோறும் வாடகைக்கு எடுத்தாலே கட்டணத்தை ஒட்டிய செலவில் முடிந்துவிடுகிறது என்று தெரிந்தால், வாங்கவே வேண்டாம், வாடகையிலேயே தொடரலாம். பள்ளி விடுமுறை வாரம் வாடகைக்குக் கிடைப்பதே இல்லை, கிடைத்தாலும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கேட்கிறார்கள் என்றால், அந்த வாரத்துக்கான பத்திரத்தைத் தேட ஆரம்பிக்கலாம்.